நெய்மருக்கு ஸ்கேன்... எங்களுக்கு உழிச்சில்! - மலபாரின் கால்பந்து கிராமங்களில் ஒரு நாள்

கோழிக்கோடு மாவட்டத்தில் இருக்கிறது புள்ளாவூர். தென்னை மரங்கள், சின்னதாக ஓர் ஆறு, கரையில் சில வீடுகள். கேரளாவில் இப்படி நூறு ஊர் பார்க்கலாம். ஆனால், 2022 நவம்பரில் உலகமே இந்த ஊரைப் பார்த்தது. அர்ஜென்டினா ரசிகர்கள் ஆற்றின் நடுவே 30 அடி மெஸ்ஸி கட்-அவுட்டை நிறுத்தினார்கள். 'விடுவோமா?' என்று பிரேசில் ரசிகர்கள் கரையில் 40 அடி நெய்மரை நிறுத்தினார்கள். கடைசியாக வந்த ரொனால்டோ ரசிகர்கள், இரண்டையும் விட உயரமாக ஒன்றை வைத்துவிட்டார்கள். ஆற்றின் ஓட்டம் தடைபடும் என்று ஒருவர் புகார் கொடுக்க, அது தனிக் கதையாக ஓடியது. அந்தப் படத்தை ஃபிஃபாவே பகிர்ந்தது.

இப்போது போனால் ஆற்றில் தண்ணீர் மட்டும்தான். "இந்த ஜூன்ல வாங்க, மறுபடியும் வைப்போம்" என்கிறார் கரையில் மீன் விற்பவர். யாருடையது உயரமாக இருக்கும் என்று கேட்டேன். சிரித்தாரே தவிர, பதில் சொல்லவில்லை. ராணுவ ரகசியம் போல!

அங்கிருந்து ஆட்டோ பிடித்து அரீக்கோடு போனேன். சாலியாற்றின் கரையில், மலப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் கால்பந்து கிராமம் என்றே பெயர். மலப்புரத்தில் இருந்த போலீஸ் படையும் பிரிட்டிஷ் சிப்பாய்களும் ஆடியதைப் பார்த்து ஊர்க்காரர்கள் பந்தைப் பிடித்தார்கள் என்பது இங்கே சொல்லப்படும் கதை. 1986-ல் தொலைக்காட்சியில் மரடோனாவைப் பார்த்த தலைமுறை அர்ஜென்டினா பக்கம் போனது. அதற்கு முன்பே பீலேவின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிரேசிலை விடவில்லை. ஒரே வீட்டில் அப்பா மஞ்சள், மகன் நீலம்-வெள்ளை என்பது இங்கே சர்வ சாதாரணம்.

மாலை ஐந்து மணி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சாயாக்கடை. பழம்பொரி ஒன்று, சுலைமானி ஒன்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பேச்சு ஏற்கெனவே சூடாக இருந்தது.

"38 வயசுலயும் மியாமிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துட்டார். ஃபார்ம்னா இது" என்றான் கல்லூரிப் பையன் ஒருவன்.

"அமெரிக்க லீக்ல ஆடுறதெல்லாம் ஃபார்மா மோனே? சவுதி கிட்ட தோத்த கதையைச் சொல்லு" என்றார் எதிர் பெஞ்சில் இருந்த பெரியவர். பிரேசில் ரசிகர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவ்வளவுதான், பெஞ்ச் இரண்டாகப் பிரிந்துவிட்டது. 2022 நவம்பர் 22. அதற்கு முன் 36 ஆட்டங்களாகத் தோற்காத அர்ஜென்டினா, சவுதி அரேபியாவிடம் 1-2 என விழுந்த நாள். முதல் பாதியிலேயே மூன்று முறை அர்ஜென்டினா பந்தை வலைக்குள் அடித்தும் ஆஃப்சைடு என்று ரத்தாயின. "லவ்டாரோ மார்ட்டினஸின் தோள் ஓர் இன்ச் முன்னால இருந்துச்சாம். தோளால யாராவது கோல் அடிப்பாங்களா?" என்று பையன் கொதித்தான். மூன்று வருடத்துக்கு மேல் ஆகியும், அதன்பின் அர்ஜென்டினா அதே கோப்பையை வென்றும்கூட, அந்தக் கோபம் ஆறவில்லை.

பெரியவர் நிதானமாகச் சொன்னார். "கேமராவுக்கு அர்ஜென்டினாவும் தெரியாது, பிரேசிலும் தெரியாது. அதனாலதான் எனக்கு அதைப் பிடிக்கும்."

கால்பந்து பழக்கம் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 'வி.ஏ.ஆர்' என்பது வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் முறை. உலகக் கோப்பையில் 2018-ல் வந்தது. எல்லாவற்றிலும் அது தலையிடாது. அது வந்தபோது கோல், பெனால்டி, நேரடி சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் ஆகியவை மட்டும்தான் கணக்காக இருந்தன. கத்தாரில் ஆஃப்சைடைப் பிடிக்க மைதானக் கூரையில் 12 கேமராக்கள் மாட்டினார்கள். ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை விநாடிக்கு 50 முறை அவை கணக்கெடுத்தன. பந்துக்குள்ளும் ஒரு சென்சார். தோள்பட்டை மாட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால், இந்தியாவின் ஐ.எஸ்.எல்லில் வி.ஏ.ஆர் கிடையாது. அதைப் பற்றிப் பேசினால் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் முகம் மாறிவிடும். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம். கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீகிக்கை, எதிரணி தயாராகும் முன்பே சுனில் சேத்ரி அடித்து கோலாக்கினார். நடுவர் ஏற்றுக்கொண்டார். பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் அணியையே மைதானத்தை விட்டு வெளியே அழைத்துச் சென்றுவிட்டார். விளைவு, கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டங்கள் தடை. 'வி.ஏ.ஆர் கொண்டு வா' என்று அப்போது எழுந்த குரல் இன்னமும் இந்தக் கடையில் கேட்கிறது.

"அது வந்திருந்தாலும் நமக்கு லாபம் இல்லை" என்று ஒரு குரல். அதுவரை பேசாமல் இருந்த ஆட்டோ டிரைவர். "கோல் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். ரெஃப்ரி விசில் ஊதும்வரை நிக்கணுமா, வேண்டாமான்னுதான் சண்டை. அதுக்குக் கேமரா எதுக்கு?"

கடை ஒரு நிமிடம் அமைதியானது. அவர் ஒரு காலத்தில் செவன்ஸ் ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஆடியவர் என்று சாயாக்கடை இக்கா என் காதில் சொன்னார்.

செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர். அறுவடை முடிந்த வயலிலோ, ஊர் மைதானத்திலோ கமுகு மரமும் மூங்கிலும் கட்டி கேலரி எழுப்பி, ஃப்ளட்லைட் போட்டு, டிக்கெட் விற்று ஆடும் ஆட்டம். மழை ஓய்ந்ததும் தொடங்கி, கோடை முடியும்வரை மலபார் முழுக்க நடக்கும். நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் என்று ஆப்பிரிக்காவிலிருந்து வீரர்கள் சீசனுக்கு வந்து தங்குவார்கள். ஊரில் அவர்கள் எந்த நாட்டுக்காரர் ஆனாலும் 'சுடானி'தான். 2018-ல் வந்த 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' படம் அந்தப் பெயரை வைத்ததுதான்.

எல்லாமே அழகு என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால், 2022 மார்ச்சில் பூங்கோட்டில் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். 2024 மார்ச்சில் இதே அரீக்கோடு பக்கம் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் நிறத்தைச் சொல்லி ஏசி, துரத்தி அடித்தார்கள். பந்தை நேசிக்கும் ஊரில்தான் இதுவும் நடந்தது.

டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். நெய்மரைப் பற்றிக் கேட்டதும் மளமளவென்று சொன்னார். "கத்தார்ல செர்பியா ஆட்டத்துல கணுக்கால். ரெண்டு ஆட்டம் வெளியே. 2023 அக்டோபர்ல உருகுவேகூட ஆடும்போது இடது முழங்கால், ஏசிஎல், கூடவே மெனிஸ்கஸ். திரும்பி வர ஒரு வருஷம். நம்ம மலப்புரம் ஆஷிக் குருணியனுக்கும் 2023-ல இந்தியாவுக்கு ஆடும்போது அதே ஏசிஎல்தான். ஒரு சீசன் போச்சு, ஆனா திரும்பி வந்துட்டான்."

இவ்வளவு விவரம் எப்படி? பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். வலது முட்டி இடது முட்டியைவிடப் பெரிதாக, கோணலாக இருந்தது. ஒரு அரையிறுதியில் திரும்பும்போது 'டக்'கென்று சத்தம். அன்றைய ஆட்டத்துக்கான பணமும், வீட்டுக்குப் போக வண்டிக் காசும் கொடுத்தார்கள். ஒப்பந்தம் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. எண்ணெய் போட்டு உழிச்சில் செய்தார்கள். வீக்கம் வடிந்ததும் மறுபடி ஆடினார். மறுபடி 'டக்'. ஸ்கேன் எடுத்தபோது இரண்டு வருடம் ஓடியிருந்தது. ஆபரேஷனுக்கு டாக்டர் சொன்ன தொகையில் ஆட்டோ வாங்கிவிட்டார்.

"இன்னிக்கு ராத்திரி மேட்ச் இருக்கு, வர்றீங்களா?" என்றார். அவருடைய தங்கை மகன் ஆடுகிறானாம். பத்தொன்பது வயது, விங்கர். அடுத்த வாரம் ஒரு கிளப்பில் செலக்‌ஷன் இருக்கிறது. நான்கு நாளாக முழங்கால் லேசாக வீங்கியிருக்கிறது.

எட்டரை மணிக்கு கேலரி நிரம்பி வழிந்தது. கடலை, மிட்டாய், ஐஸ் விற்பவர்கள் காலிடுக்கில் புகுந்து போனார்கள். மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் கமென்டரி சொன்னார். பையன் ஜெர்ஸி போட்டுத் தயாராக நின்றான். டிரைவர் நேரே போய் டீம் மேனேஜரிடம் பேசினார். மேனேஜர் கையை விரித்தார். பையன், "மாமா, ஒண்ணுமில்ல, கட்டுப் போட்டுருக்கேன்" என்றான். டிரைவர் குனிந்து, கட்டுக்கு மேல் கட்டை விரலால் அழுத்தினார். பையன் பல்லைக் கடித்தான்.

"உட்காரு."

"ஒரு ஆட்டத்துக் காசு மாமா..."

"நான் தர்றேன். உட்காரு."

உட்கார்ந்தான். முகம் இரண்டு முழத்துக்குத் தூக்கியிருந்தது. அவன் இல்லாத அணி முதல் பாதியில் ஒரு கோல் வாங்கியது. பின்னால் இருந்தவர்கள் 'விங்கர் எங்கே?' என்று கத்த, டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும். பாக்ஸுக்குள் ஒரு சுடானி விழுந்தார். கேலரியே எழுந்து நின்று பெனால்டி கேட்டது. நடுவர் 'இல்லை' என்று கை காட்டினார். பத்து செல்போன்களில் வீடியோ இருந்தது! நாலைந்து பேர் போனைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கே போய்விட்டார்கள். "சார், இதைப் பாருங்க, கால்ல அடிச்சது தெளிவா தெரியுது." நடுவர் பார்க்கவில்லை. "ஒரு போனைப் பார்த்தா, அந்தப் பக்கத்து போனையும் பார்க்கணும்" என்றார். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்தும் போன்கள் வந்துவிட்டன. கமிட்டி ஆட்கள் எல்லோரையும் கேலரிக்கு விரட்ட, ஆட்டம் 0-1 என்றே முடிந்தது.

கூட்டம் கலைந்தது. ஆட்டோவின் பின் சீட்டில் பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். டிரைவர் வண்டியைக் கிளப்பாமல், யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக்கினார், பின்னால் ஓட்டினார், மறுபடி பார்த்தார்.

"சத்தியமா பெனால்டிதான்" என்றார்.

அதுவரை பேசாமல் வந்த பையன் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு போனைப் பிடுங்கினான். "மாமா, பந்துல கால் பட்டது தெரியலையா? டைவ் அது. நான் இருந்திருந்தா..."

"நீ இருந்திருந்தா என்ன?"

"டைவ் அடிச்சிருக்க மாட்டேன். கோல் அடிச்சிருப்பேன்."

வண்டி கிளம்பியது. வீடுவரை அந்தச் சண்டை ஓயவில்லை.