ஆறில்லாத தீவு

கரியாக்கூவில் ஆறு இல்லை. கரிபியன் கடலில் கிரெனடா நாட்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 34 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அந்தத் தீவில் வீடுகள் தங்கள் தண்ணீரைத் பெரும்பாலும் தங்கள் கூரையிலிருந்துதான் எடுக்கின்றன. தகரக் கூரையின் ஓரத்தில் பீலி, பீலியிலிருந்து இறங்கும் குழாய், குழாயின் அடியில் வீட்டோடு சேர்த்துக் கட்டிய சீமெந்துத் தொட்டி. மாரியில் நிறையும் தொட்டியை நம்பித்தான் ஜனவரிக்குப் பிறகு நீளும் வறட்சி முழுவதும் சமையல், குளிப்பு, ஆட்டுக்குத் தண்ணீர் எல்லாம். அந்தத் தீவை நினைத்தாலே ஈரச் சீமெந்தின் வாசனைதான் எனக்கு முதலில் வருகிறது. கடல் அதற்குப் பிறகுதான்.

எங்கள் பாய்ப்படகும் அப்படித்தான் வாழ்ந்தது. 38 அடி நீளம், ஒற்றைப் பாய்மரம், 400 லீற்றர் பிடிக்கிற தாங்கி. நாங்கள் நான்கு பேர். கோப்பைகளைக் கடல்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு கை அலசுவோம். கடலில் குதித்துச் சவர்க்காரம் போட்டு, மேலே ஏறி ஒரு போத்தல் தண்ணீரை உச்சியிலிருந்து ஊற்றினால் குளிப்பு முடிந்தது. மகளுக்கு அப்போது பதினொரு வயது, இடுப்புவரை தலைமயிர். அவள் முழுகுவது மழை நாளில்தான். இரவில் மேற்தளத்தில் முதல் துளி தட்டும்போதே நால்வரும் எழும்பிவிடுவோம். ஒருவர் மேற்கதவுகளை மூட, ஒருவர் வெயிலுக்குக் கட்டிய படங்கை நடுவில் தாழ்த்திப் பள்ளமாக்க, மகன் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முதல் சில நிமிட மழை உப்பைக் கழுவுவதற்கு. அதைக் கடலுக்கு விட்டுவிட வேண்டும். பிறகு விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பில்லை அம்மா" என்று அவன் கத்துவான். அதற்குப் பிறகுதான் தாங்கியின் வாயைத் திறப்போம். ஏழு வயதுப் பிள்ளையின் நாக்கை நம்பி ஒரு குடும்பம் தண்ணீர் சேர்த்தது. அவன் எங்களுக்கு அவ்வளவு தேவைப்பட்ட காலம் வேறு இல்லை.

ரொறன்ரோவிலிருந்து அங்கே எப்படிப் போனோம் என்றால், அதற்குக் காரணம் என் கணவரின் அப்பா. வல்வெட்டித்துறைக்காரர். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, வல்வை மாலுமிகள் அதை அட்லாண்டிக் சமுத்திரம் கடத்தி 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை மாமா சொல்லத் தொடங்கினால் இரவுச் சாப்பாடு ஆறிவிடும். ஊரை விட்டு வந்து, ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஜன்னலருகே இருந்துகொண்டு சொன்ன கதை அது. அதைக் கேட்டு வளர்ந்த கணவர் ஒருநாள் வேலையில் நீண்ட விடுப்பு வாங்கி, கிரெனடாவில் கரையேற்றி வைத்திருந்த ஒரு பழைய படகை வாங்கினார். மகள் அதற்கு 'அன்னம்' என்று பெயர் வைத்தாள். 2018-இன் தொடக்கத்தில் கரியாக்கூவுக்குப் பாய் விரித்தோம்.

அந்தக் கடல்வழியில் கிக் எம் ஜெனி இருக்கிறது. கிரெனடாவுக்கு வடக்கே எட்டுக் கிலோமீற்றர் தள்ளி, கடலுக்கு அடியில் உயிரோடிருக்கும் எரிமலை. 1939-இல் அது கடலைப் பிளந்து வெடித்தபோதுதான் அங்கே அப்படி ஒன்று இருப்பது பதிவானது. அமைதியான காலத்திலும் அதைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீற்றருக்குள் எந்தக் கலமும் நுழையக் கூடாது. மகள் கடல்வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, அதற்கு வெளியே கோடு கீறினாள். கிரெனடாவின் மலைமறைவைத் தாண்டியதும் கொண்டல்காற்று முகத்தில் அறைந்தது. நீரோட்டம் எங்களை மேற்கே தள்ளிக்கொண்டே இருந்தது. பாய்க்கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி கணவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய முகத்தில் அவருடைய அப்பாவின் முகம் வந்து போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

டிரெல் குடா தீவின் தென்மேற்கில், காற்றுக்கு முதுகு காட்டிக் கிடக்கும் பெரிய வளைவு. நங்கூரம் மணலைக் கவ்விப் படகு நின்றதும், இத்தனை மணித்தியாலம் காதில் இரைந்த காற்று அடங்கி, கரையில் ஒரு சேவல் கூவுவது கேட்டது. குடாவின் வடபுறத்தில் ஒரு குறுகிய வாய்க்கால். அதன் வழியே உள்ளே போனால் கண்டல்காடு. வேர்களில் சிப்பிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அந்தக் காடு கடற்பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பதால் சும்மா நங்கூரமிட அங்கே இடமில்லை. சூறாவளி வரும்போது மட்டும் படகுகள் உள்ளே ஒதுங்கி, வேர்களில் நாலாபக்கமும் கயிறு கட்டிக்கொள்ளலாம். பரம்பரையாக வந்த நம்பிக்கை அது. எந்தப் புயலும் கண்டலுக்குள் வராது என்று அப்போது கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பின்னேரங்களில் ரப்பர் வள்ளத்தில் துடுப்புப் போட்டு அந்த வாய்க்கால் வாசல்வரை போய் நிற்போம். உள்ளே தண்ணீர் தேயிலைச் சாயம்போல இருக்கும். கொக்குகள் மரமெல்லாம் வெள்ளையாக வந்து அடையும். மகன் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது அந்த வள்ளத்தில், அந்த வாசலில்தான். பள்ளிக்கூடப் பாடங்கள் காலையில் படகுக்குள் நடக்கும். தமிழ் மட்டும் பின்னேரத்துக்கு.

லெஸ்டேர் என்ற ஊருக்குப் போகிற தெருவில் ஒரு வயதான அம்மாள் இருந்தார். அங்கே மூத்த பெண்களை டாண்டி என்று கூப்பிடுவது வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கும் அவர் டாண்டிதான். அவர் வளவில் துவரை நட்டிருந்தார். ஆபிரிக்க அடிமைகளோடு அந்தத் தீவுகளுக்கு வந்த பயிர், அதற்கு முன் ஆபிரிக்காவுக்கு எங்கள் பக்கத்திலிருந்து போனது. பச்சைத் துவரங்காயை உடைத்து மடியில் போட்டபடி அவர் என்னிடம் ஊர்க்கதை கேட்பார். ஏப்ரலில் எங்கள் தாங்கி அடி தட்டியபோது, கேட்காமலே தன் தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். மழை இன்னும் ஒரு மாதம் கழித்தே வரும் என்று அவருக்குத் தெரியும். வறட்சியில் அந்தத் தீவில் ஒரு வாளி தண்ணீர் என்ன என்பதை நானும் அதற்குள் அறிந்திருந்தேன். அடுத்த நாள் கணவர் ஏணி வைத்து அவர் வீட்டுப் பீலியின் உடைந்த மூட்டைச் சரிசெய்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டுக்கு விருந்தாளிகளாகப் போகவில்லை, சும்மா போனோம்.

தீவின் வடகிழக்கில் விண்ட்வேர்ட் என்ற ஊர். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த மரத்தச்சர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் கடற்கரையிலேயே படகு கட்டுகிற இடம். வரைபடம் கிடையாது. வெள்ளைச் சீடர் மரத்தில் இயற்கையாக வளைந்த கொப்பைத் தேடிக் காட்டுக்குள் போய், இந்த வளைவு இந்த விலாவுக்கு என்று கண்ணாலேயே எடுத்து வெட்டி வருவார்கள். அல்வின் இனோ என்ற முதிய தச்சர் தன் மகன்மாரோடு கட்டிய படகைப் பற்றி அலெக்சிஸ் அண்ட்ரூஸ் எடுத்த 'வனிஷிங் செயில்' படம் 2015-இல் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் கணவர் அந்த ஊருக்குப் போகத் துடித்தார். நாங்கள் போனபோது மணலில் விலாக்கள் மட்டும் நிறுத்திய ஒரு சிறு படகு நின்றது. தச்சர் ஒருவர் இறக்குநாளைப் பற்றிச் சொன்னார். பாதிரியார் ஜெபம் சொல்வார்; அணியத்தில் ஆட்டு இரத்தமும் ரம்மும் தெளிப்பார்கள்; முட்டுக்கொடுத்த கட்டைகளை ஒவ்வொன்றாகக் கோடரியால் வெட்ட, படகு மெல்லப் பக்கவாட்டில் சாயும்; பிறகு முழு ஊரும் கயிறு பிடித்து உருளைகள்மேல் கடலுக்கு இழுக்கும். சமைத்த சாப்பாடு வந்த எல்லாருக்கும். கணவர் அந்த விலாக்களில் ஒன்றைத் தடவிக்கொண்டே, தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டு, வெகுநேரம் நின்றார். அந்தத் தச்சர் எதுவும் கேட்கவில்லை. ஒரு மரத்துண்டை எடுத்துக் கொடுத்து, "உங்கள் அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்" என்றார். அது இப்போதும் மாமாவின் படத்துக்குக் கீழே இருக்கிறது.

இன்னோர் இரவு டாண்டி எங்களைக் கல்லறைச் சடங்கு ஒன்றுக்கு அழைத்துப்போனார். இறந்தவருக்குக் கல் நாட்டும்போது பெருமுரசு அடித்து ஆடுவார்கள். ரம் பீப்பாய்களில் ஆட்டுத்தோல் கட்டிய மூன்று முரசுகள். முதல் ஆட்டம் முன்னோரிடம் மன்னிப்புக் கேட்பது. ஆடுகிறவர்கள் முழங்காலில் இருப்பார்கள். பிறகு ஒவ்வொரு இனத்தின் ஆட்டமும் வரும்: குரோமாண்டி, இக்போ, மாண்டிங், தெம்னே, கொங்கோ. கப்பலில் கட்டிக் கொண்டுவரப்பட்டு இருநூறு ஆண்டுகள் கடந்தும், தங்கள் குடும்பம் எந்த இனம் என்பது அங்கே பலருக்குத் தெரியும். தங்கள் ஆட்டம் வந்ததும் எழும்பி நடுவுக்கு வருவார்கள். வீட்டுக்குள்ளே ஒரு மேசையில் முன்னோருக்கு உணவு படைத்து, விடியும்வரை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். டாண்டி தெம்னே. வயது எழுபதுக்கு மேல், முழங்கால் வருத்தம். ஆனாலும் பாவாடையை இரு கையாலும் விரித்துக்கொண்டு ஆடினார். மகள் என் காதில், "அம்மா, நாங்கள் எந்த ஆட்டத்துக்கு எழும்ப வேணும்?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தீவுக்காரரின் பிள்ளைகள் பலர் புரூக்ளினிலும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டிலும் இருக்கிறார்கள். அன்றைய முரசைக் கேட்க விமானம் ஏறி வந்திருந்தவர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். ஊரை விட்ட சனம் எப்படி நிற்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஜூன் மாதம் சூறாவளிக் காலம் தொடங்கியது. மாமாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தொலைபேசி வந்தது. படகை விற்றோம், திரும்பினோம். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

வீட்டில் இப்போது மூன்று குளியலறைகள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவுக்குப் பின்னால். படகில் மகன் இருமினால் எனக்குக் கண் திறக்கும். அவன் புரண்டு படுப்பதும் கேட்கும். இங்கே அவன் எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்றே தெரியாது. மழை பெய்தால் யாரும் எழும்புவதில்லை.

2024 ஜூலை 1 காலை, பெரில் சூறாவளி கரியாக்கூவின்மேல் நேராக ஏறியது. மணிக்கு 240 கிலோமீற்றர் வேகக் காற்று. அதற்கு முன் கரியாக்கூ சூறாவளி காணாத இடமல்ல. 2005-இல் எமிலி வந்துபோனது. பெரில் அப்படி வரவில்லை. தீவில் பத்தில் ஒன்பது கட்டடங்களுக்கும் மேல் சேதம். அடுத்த நாட்களில் வந்த படங்களில் மலைகள் மண்ணிறமாக இருந்தன. ஒரு மரத்திலும் இலை இல்லை. கண்டலுக்குள் ஒதுங்கிய படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கவிழ்ந்து கிடந்தன. வேர்கள் கயிற்றைப் பிடித்துத்தான் வைத்திருந்தன. காற்று மரங்களையே உரித்துவிட்டது. கணவர் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பாய்மரம் பாய்மரமாகத் தேடினார். அன்னம் அங்கே இருந்ததா என்று தெரியவில்லை.

நான் கூரைகளைப் பார்த்தேன். படங்களில் கூரை இல்லாத வீடுகளின் உட்சுவர்கள் தெரிந்தன: இளநீலம், இளஞ்சிவப்பு. வெளியிலிருந்து யோசிப்பவர்களுக்குக் கூரை போனால் வெயில், மழை என்றுதான் தோன்றும். அந்தத் தீவில் கூரை போனால் தண்ணீரும் போகும். எத்தனை மழை பெய்தாலும் சேர்க்க வழியில்லை. டாண்டியின் தங்கை மகளிடமிருந்து செய்தி வர நாளாயிற்று. டாண்டி தொட்டிக்குப் பக்கத்திலிருந்த சிறு சீமெந்து அறைக்குள் இருந்து தப்பியிருந்தார். துவரைச் செடி ஒன்றும் மிஞ்சவில்லை. கூரைத்தகரம் கிடைக்கும்வரை நீலப் படங்கு ஒன்றைக் கட்டி, அதன் நடுவைத் தாழ்த்தி மழை பிடிக்கிறார் என்று எழுதியிருந்தாள்.

அந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மகனுக்கு அதற்குள் பதினான்கு வயது. டாண்டியின் முகம் தனக்கு ஞாபகமில்லை என்றான். பாய்மரத்தில் கயிறு அடிக்கிற சத்தம் மட்டும் ஞாபகம் என்றான். மகள், தான் அந்த மாதங்களில் சிநேகிதிகள் இல்லாமல் இரவில் அழுததை முதன்முதலாகச் சொன்னாள். தலைமயிரை வெட்டச் சொல்லி நான் வற்புறுத்தியதையும் சொன்னாள். அவர்கள் இருவரும் வேறு ஒரு படகில் இருந்திருக்கிறார்கள். கணவருடைய படகும் வேறு. அதில் அவருடைய அப்பாவும் இருந்தார். அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் டிரெல் குடா எனக்கு வேண்டும். கண்டல் மரங்களோடு, கொக்குகளோடு, கூரை போட்ட வீட்டில் டாண்டியோடு, அந்த ஏழு வயதுப் பிள்ளையோடு, அப்படியே வேண்டும்.