கால்வாய் கட்டிய ஊர்

துபாயிலிருந்து அல் ஐன் போகும் சாலையில் பாதி தூரம் தாண்டியதும் மணலின் நிறம் மாறத் தொடங்குகிறது. கடற்கரைப் பக்கம் வெளுத்துக் கிடந்த மணல் இங்கே செம்மண் நிறத்துக்கு வந்துவிடுகிறது. சாலையோரம் நெடுகக் கம்பி வேலி, அதற்கு அப்பால் ஒட்டகங்கள். வண்டி ஓட்டியவர் மச்சான். எல்லை தாண்டி ஓமானில் நிஸ்வா வரை போவதாகத் திட்டம். வழியில் ஒரு பகலை அல் ஐனுக்கென்று ஒதுக்கியிருந்தோம்.

ஊருக்குள் நுழைந்ததும் மனதில் தங்குவது வானம்தான். வானளாவிய கட்டடங்களை இங்கே எழுப்ப விடுவதில்லை. எந்தத் தெருவில் நின்றாலும் தெற்கே ஜபல் ஹஃபீத் மலை தெரிகிறது.

கடைவீதியைத் தாண்டிச் சில நிமிடங்களில் சோலையின் வாசல். நுழைவுக் கட்டணம் கிடையாது. இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயர மண்சுவர்கள்; அவற்றுக்கு நடுவே வளைந்து செல்லும் சந்துகள்; இருபுறமும் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்ட தோட்டங்கள். மேலே பேரீச்சை மட்டைகள் கூரை போட, அந்த நிழலில் மாவும் எலுமிச்சையும் வாழையும், அவற்றுக்கும் கீழே கால்நடைத் தீவனம். பேரீச்சை நேர்வெயிலை வாங்கிக்கொள்வதால்தான் கீழுள்ளவை பிழைக்கின்றன. வெளியே சாலையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்த நாங்கள் உள்ளே வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டோம்.

மார்ச் தொடக்கம் என்பதால் பூப்பருவம். ஒருவர் இடுப்பைச் சுற்றிக் கயிற்றுப் பட்டை கட்டி, மரத்தில் சாய்ந்து நின்று வேலை செய்துகொண்டிருந்தார். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காற்றை நம்பினால் காய் சரியாகப் பிடிக்காது. ஆண் பாளையின் பூங்கொத்தை அறுத்து ஒவ்வொரு பெண் பாளைக்குள்ளும் கையால் செருகிக் கட்ட வேண்டும். “பாய், எல்லா மரத்திலும் ஏறுவீர்களா?” என்று மச்சான் இந்தியில் கேட்டார். “ஏறாத மரம் காய்க்காது பாய்” என்று மேலிருந்து உருதுவில் பதில் வந்தது. பாகிஸ்தானின் வடபகுதிக்காரர். கலாஸ், ஃபர்த், லூலூ என்று மரங்களைக் காட்டி வகை சொன்னார். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன.

பாலைவனச் சோலை என்பது இயற்கை தூக்கிக் கொடுத்த பரிசு என்று நினைத்துக்கொண்டு இங்கே வருபவர்கள் காலடியில் ஓடும் சிறு வாய்க்காலைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். அதன் பெயர் ஃபலஜ். மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி நிலத்தடி நீரைத் தொடுவார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி, பூமிக்கடியில் சுரங்க வாய்க்கால். சரிவு மிகமிகக் குறைவாக இருக்க வேண்டும்: கூடினால் நீர் வேகமெடுத்துத் தரையை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். மண்ணை மேலே எடுக்கவும் உள்ளே வேலை செய்பவருக்குக் காற்று போகவும் இடையிடையே செங்குத்துக் குழிகள். இப்படி வெயில் படாமல் பல கிலோமீட்டர் வந்த நீர், தோட்டத்தின் தலைமாட்டில் தரைக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. பம்பு இல்லை, ஏற்றம் இல்லை. அல் ஐனுக்கு வடக்கே பிதா பின்த் சவூத் என்ற இடத்தில் அகழ்ந்தெடுத்த ஃபலஜுக்கு வயது ஏறத்தாழ 3,000 ஆண்டு.

வெட்டியதைவிடப் பெரிய வேலை பங்கிட்டது. ஃபலஜ் ஊர்களின் மரபு இது: நீர் வெளிவரும் இடத்தில் குடிநீர் எடுக்க வேண்டும், அடுத்து பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய, பிறகு குளிக்க, அதன் பிறகே பேரீச்சைக்கு, கடைசியாகப் பருவப் பயிருக்கு. மழை பொய்த்தால் பருவப் பயிர் தரிசாகலாம், மரத்தின் பங்கில் கை வைக்க மாட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்தின் முறையையும் பகலில் நிழல் பார்த்து, இரவில் நட்சத்திரம் பார்த்து அளந்தார்கள். இதை மேற்பார்க்கும் ஊர்ப் பொறுப்பாளரை அரீஃப் என்பார்கள். கடைமடைக்காரனின் முறை வரும்போது தலைமடைக்காரன் மடையை அடைக்காமல் விட்டால் ஒரே கோடையில் சோலை பாதியாகிவிடும். இத்தனை நூற்றாண்டாக அது பசுமையாக நிற்பதற்கு அந்தக் கட்டுப்பாட்டைத்தான் நான் காரணமாகச் சொல்வேன். 2011இல் யுனெஸ்கோ இந்த ஊரின் சோலைகளையும் ஹிலி, ஹஃபீத் தொல்லிடங்களையும் உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அமீரகத்துக்கு அதுவே முதல் அங்கீகாரம்.

மதியத்துக்கு மேல் ஜாஹிலி கோட்டை. 1890களில் மண்கல்லால் கட்டியது. மூலையில் அடுக்கடுக்காகக் குறுகி உயரும் வட்டக் கோபுரத்தை எந்தப் படமும் முழுதாகக் காட்டவில்லை என்று நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்ளே வில்ஃப்ரெட் தெசிகரின் புகைப்படங்கள். 1940களில் பெடூயின் தோழர்களோடு ரூப் அல் காலி பெருமணலைக் கடந்த ஆங்கிலேயர். அவர்கள் அவருக்கு இட்ட பெயர் முபாரக் பின் லண்டன். அவர் இங்கே முவைஜி கோட்டையில் ஷேக் ஸாயிதின் விருந்தாளியாகத் தங்கியவர். அமீரகத்தின் முதல் அதிபரான ஸாயித் அதற்கு முன்பு, 1946 முதல் 1966 வரை, இந்தப் பகுதியின் பொறுப்பில் இருந்தார். அதில் பெரும்பகுதி எண்ணெய்ப் பணம் வராத காலம். பழைய ஃபலஜ்களைத் தூர்வாரச் செய்தார், சாரூஜ் ஃபலஜுக்கான வேலையைத் தொடங்கினார், சில செல்வர்களிடம் குவிந்திருந்த நீர் உரிமையைப் பொதுவாக்கினார். அவரைப் பற்றிப் புகழ்ந்து சொல்லப்படுபவற்றில் என்னை மிகவும் தொட்டது இந்தக் கடைசிச் செயல்தான்.

பிறகு வந்த எண்ணெய்ப் பணம் ஆழ்துளைக் கிணறுகளையும் கொண்டுவந்தது. நிலத்தடி நீர் இறங்கியது. காலையில் நாங்கள் குனிந்து பார்த்த வாய்க்காலில் ஓடியது தாய்க்கிணற்று நீர் அல்ல, பம்பு வைத்து விடும் நீர். பார்க்க அதே தெளிவுதான், இருந்தாலும் எனக்கு வருத்தமாக இருந்தது. மூன்றாயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த கணக்கை ஒரே தலைமுறையின் மோட்டார்கள் குலைத்துவிட்டன. ஆனாலும் வாய்க்காலை மூடிக் குழாய் பதிக்காமல் பழைய வழியிலேயே நீரை விடுகிறார்களே, அந்த முடிவை மதிக்கிறேன்.

மாலையில் ஹஃபீத் மலை ஏறினோம். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், வளைந்து வளைந்து ஏறும் அருமையான சாலை. அடிவாரத்தில் 5,000 ஆண்டுப் பழமையான கல்லறைகள் இருக்கின்றன. உச்சியிலிருந்து ஒரு பக்கம் அமீரகம், இன்னொரு பக்கம் ஓமான். கட்டடங்களுக்கு நடுவே சோலைகள் தனித்தனியாகக் கரும்பச்சையில் தெரிந்தன. எல்லைக்கு அப்பாலுள்ள புரைமியின் தோட்டங்களும் இவற்றோடு சேர்ந்த ஒரே கூட்டம்தான். தேசக்கோடு பின்னால் வந்தது.

மறுநாள் மெஸ்யாத் சாவடி தாண்டி இப்ரி வழியாக நிஸ்வா. அங்கே ஃபலஜ் தாரிஸ் இருக்கிறது. 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஓமானின் ஐந்து ஃபலஜ்களில் ஒன்று, இன்னும் தன் சரிவிலேயே ஓடுகிறது. கோட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் மச்சான். கோட்டை மாலைவரை திறந்திருக்கும், முதலில் தண்ணீரைப் பார்த்துவிடலாம் என்றேன்.