உட்கார விட்டால்தான் நிற்பார்கள்

இன்னைக்கு மருந்து மாத்திரை பத்தி இல்லை, ஒரு ஸ்டூலைப் பத்திப் பேசப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா வாசிங்க.

சங்கரன்கோவில். ஆடித்தபசு கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு காலை ஓபி. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இருபது சொச்சம் வயசுப் பெண் வந்தார். கால் கடுக்குது, ராத்திரி கெண்டைக்கால் சுண்டி இழுக்குது, நீர்க்கடுப்பு வேற அடிக்கடி வருது.

"நிறைய தண்ணி குடிம்மா. அப்பப்ப உட்காரு. படுக்கும்போது காலை உயர்த்தி வச்சுக்கோ" என்று சொல்லி மாத்திரை எழுதினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும் சார். அடிக்கடி போனா சூப்பர்வைசர் ஏசுதாரு. உக்காந்தா கேமராவுல தெரிஞ்சிரும்."

நான் சொன்ன மூன்றில் இரண்டு அவர் கையிலேயே இல்லை. அவருடைய முதலாளி கையில் இருக்கு.

மணிக்கணக்கா நின்னா என்ன ஆகும்? காலுக்கு இறங்கின ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து இதயத்துக்கு மேலே ஏறணும். அதை அழுத்தி ஏத்துற பம்ப் நம்ம கெண்டைக்கால் தசை. நடந்தால்தான் அது சுருங்கி விரியும். ஒரே இடத்தில் நின்னா ரத்தம் கீழேயே தேங்கும், கால் வீங்கும். வருஷக்கணக்கா இப்படியே போனா ரத்தக்குழாய் வால்வுகள் தளர்ந்து நரம்பு சுருட்டிக்கிட்டு வர வாய்ப்பு அதிகம். வெரிகோஸ் வெயின்ஸ். குதிகால் வலி, இடுப்பு வலியும் கூடவே வரும். சிறுநீரை அடக்கி, தண்ணியும் குடிக்காம இருந்தா சிறுநீர்த் தொற்று எளிதா வரும்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் வேறொரு ஜவுளிக்கடை அண்ணாச்சி.

"ஆளே நிக்க மாட்டுக்காங்க டாக்டரே. தொழில் பழக்கி விட்டா திருப்பூருக்குப் போயிருதாங்க. சம்பளமும் கூட்டிப் பாத்தாச்சு."

"உட்கார விடுறீங்களா அண்ணாச்சி?"

சிரிச்சார். "கஸ்டமர் வரும்போது உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

"நீங்க கல்லாவுல எத்தனை மணி நேரம் நிப்பீங்க?"

பாயசம் வர்ற வரைக்கும் அவர் பேசவே இல்லை.

இது நான் கண்டுபிடிச்ச ஞானம் இல்லை மக்களே. கேரளாவில் ஜவுளிக்கடைப் பெண்கள் 'இருக்கும் உரிமை' கேட்டுப் போராடினாங்க. மலையாளத்தில் இருக்கிறதுன்னா உட்கார்றது. 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்தினாங்க. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தரணும். ஆக, இது முதலாளி போடும் பிச்சை இல்லை, சட்டம். 2010இல் 'அங்காடித் தெரு' பார்த்து அழுத நாம்தான் அதே மாதிரி கடையில் போய் நாற்பது புடவையைப் பிரிச்சுப் போடச் சொல்றோம்.

அண்ணாச்சி கவுண்டருக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டார். அதைவிடப் பெரிய காரியம் ஒண்ணும் செய்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன கஷ்டம்?"னு கேட்டார். அவர் எதிர்பார்த்தது சம்பளம். வந்த பதில் கடைசி பஸ். கடை சாத்திக் கணக்கு முடிக்கிறதுக்குள்ள ஊருக்குப் போற பஸ் போயிருதாம். அப்பா வந்து ரோட்டில் காத்துக் கிடக்காராம். வெளியூர்ப் பிள்ளைகளை அரை மணி நேரம் முன்னாடி அனுப்ப ஆரம்பிச்சார்.

வழக்கமா தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் நாலஞ்சு பேர் வேலையை விட்டுருவாங்களாம். அந்த வருஷம் ஒருத்தர்தான் போனார். அதுவும் கல்யாணம் ஆகி. ஸ்டூலால் மட்டும்தான் இது நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். கேட்டாரே, அது முக்கியம்.

பரிவுன்னா ஐயோ பாவம்னு உச்சுக்கொட்டுறது இல்லை. அந்த இடத்தில் நம்ம கால் நின்னா எப்படி வலிக்கும்னு யோசிச்சு, வலியைக் குறைக்க ஒரு காரியம் செய்யறது.

ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு மறுநாள் ஓபிக்கு வந்தேன். என் பக்கத்தில் சிஸ்டர் நின்னுக்கிட்டே பிபி பார்த்துக்கிட்டு இருந்தாங்க. எத்தனையோ மாசமா அப்படித்தான். ஒரு நாளாவது "உட்காருங்க சிஸ்டர்"னு நான் சொன்னதில்லை. அன்னைக்குச் சொன்னேன். "பரவாயில்ல சார்"னாங்க. நானே ஸ்டூலை இழுத்துப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தாங்க.

கடை வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இருக்கை, தண்ணி, சுத்தமான கழிப்பறை. இந்த மூணையும் முதல்ல பாருங்க. அப்புறம், "என்ன கஷ்டம்?"னு ஒரு தடவை கேளுங்க.

துணி எடுக்கப் போறவங்களுக்கும் ஒண்ணு. நீங்க உள்ளே நுழைஞ்சதும் ஒரு பொண்ணு பதறி எந்திரிச்சா, "உட்காரும்மா, நாங்க பாத்துட்டுச் சொல்றோம்"னு சொல்லுங்க. முதலாளி காதில் விழுற மாதிரி சொல்லுங்க.