இல்லாத சாரன்

எங்கள் பள்ளிவாசலின் ஹவுளடியில் மஃரிப் நேரத்து நெரிசல் சற்றே குறைந்திருந்த ஒரு மாலையில், நான்கு வயதுக்கு மேல் மதிக்க முடியாத ஒரு சிறுவன் வுழூச் செய்ய வந்தான். அவன் அணிந்திருந்தது முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் அரைக் காற்சட்டை. ஆயினும் கல்லிருக்கையை அணுகியதும், இரு கைகளாலும் முழங்காலருகே வெறுங்காற்றைக் கூட்டிப் பிடித்து, அதனை மேலே இழுத்துத் தொடையிடுக்கில் செருகிவிட்டு, "யா அல்லாஹ்" என்ற ஒரு பெருமூச்சுடன் மெல்ல மெல்லக் குந்தினான். பக்கத்துக் கல்லில் அவனுடைய வாப்பா, இதே காரியங்களை இதே வரிசையில், மெய்யான சாரனைக் கொண்டும் மெய்யான முழங்கால் வலியைக் கொண்டும் அப்போதுதான் செய்து முடித்திருந்தார். "தண்ணிய வீணாக்காத மகன், தண்ணிய வீணாக்காத" என்று அவர் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது பையனின் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. இரண்டு கையாலும் வாரி இறைத்துக்கொண்டிருந்தான். உபதேசம் முழுவதும் தண்ணீரோடு போக, உபதேசிக்கப்படாத முழங்கால் வலி மட்டும் பழுதின்றி அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, தொழுகையில் மனம் நிற்கவில்லை.

பிள்ளைகள் இப்படிப் பார்த்தே பழகுவதைப் பற்றி ஆராய்ச்சி நடத்தியவர்கள் உண்டு. 1961-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்து உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா என்பவர், அங்குள்ள பாலர் பள்ளியின் 72 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, காற்றடைத்த பெரிய பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிப்பதையும் உதைப்பதையும் அவர்களில் ஒரு பகுதியினர் காணும்படி செய்தார். கண்ட குழந்தைகளில் பலர் பின்னர் அதே அடியையும், அடிக்கும்போது அவர் சொன்ன அதே சொற்களையும் கூடத் திருப்பிச் செய்துகாட்டினர். இந்த ஆராய்ச்சியைக் குறிப்பிடுவோர் பலரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ அவர்கள் விட்டுவிடும் மற்றப் பகுதியில்தான் ருசி. இன்னொரு கூட்டத்துக் குழந்தைகளுக்குக் காட்டப்பட்ட பெரியவர், அந்தப் பொம்மையை ஏறெடுத்தும் பாராமல், ஒரு மூலையில் உட்கார்ந்து விளையாட்டுத் துண்டுகளைப் பொருத்திக்கொண்டு தம் பாட்டில் தம் வேலையைப் பார்த்தார். அவரைக் கண்ட குழந்தைகளிடம் மூர்க்கம் மிகவும் குறைவாகவே தென்பட்டது. அந்தப் பெரியவர் குழந்தைகளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. அவர்களை நோக்கிப் புன்னகைத்ததாகவும் தெரியவில்லை.

வள்ளுவர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதற்கு எவ்வளவு தாமதிக்கிறார் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். ஐந்தாம் அதிகாரத்தில் இல்வாழ்க்கை, ஆறாம் அதிகாரத்தில் வாழ்க்கைத் துணைநலம், அதன் பின்னரே ஏழாவதாக மக்கட்பேறு. அந்தப் பத்துக் குறள்களிலும் பிள்ளையின் மழலையால் வரும் இன்பமும், அவன் அளாவிய கூழின் சுவையும், அவனுடைய புகழால் தாய் அடையும் மகிழ்ச்சியும் பேசப்படுகின்றனவே அன்றி, பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதற்கு ஒரு முறை, ஓர் உத்தி, ஒரு பத்தியம் சொல்லப்படவில்லை. முன் இரண்டு அதிகாரங்களையும் ஒழுங்காகக் கடந்து வந்தவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் கருதியிருக்கலாம். இக்காலத்துப் பிள்ளை வளர்ப்புக் கருத்தரங்குகளோ ஏழாம் அதிகாரத்திலேயே ஆரம்பிக்கின்றன. பாடசாலை மண்டபத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை நிறைத்துத் தாய்மார் கொப்பியும் பேனாவுமாய் அமர்ந்திருக்க, அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய தந்தையர் மதிலோரத்து நிழலில் மோட்டார் சைக்கிளின்மேல் சாய்ந்தபடி கைத்தொலைபேசியில் ஆழ்ந்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உள்ளே நடக்கும் பிரசங்கத்தைவிட வெளியே நடக்கும் இந்தப் பாடத்தைத்தான் பிள்ளைகள் சிரத்தையாகப் பயில்கின்றனர்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பிள்ளை வளர்ப்பு நூல், பிள்ளை வளர்ப்பைப் பற்றிய நூலே அன்று. 1999-இல் வெளிவந்து, தமிழில் 'அக்னிச் சிறகுகள்' என்று பெயர்பெற்ற அப்துல் கலாமின் சுயசரிதையில், தம் தந்தை ஜைனுலாப்தீனைப் பற்றி அவர் எழுதிய சில வரிகளுக்காகவே அதை நான் அடிக்கடி எடுத்துப் புரட்டுவதுண்டு. இலங்கையில் எங்கள் கரைக்கு வடக்கே, கடலுக்கப்பால், இராமேசுவரத்தின் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த அந்த மனிதருக்குப் பெரிய படிப்போ பெரிய செல்வமோ இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார், தொழுவார், தொழுதபின், வீட்டிலிருந்து ஏறத்தாழ நான்கு மைல் தூரத்தில் தமக்கிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்தே போவார், ஒரு டஜன் அளவு தேங்காய்களைத் தோளிற் போட்டுக்கொண்டு திரும்புவார், அதன் பிறகே காலை உணவு. அறுபது வயதைத் தாண்டி வெகுகாலம் சென்ற பின்னும் இந்த ஒழுங்கு மாறவில்லை என்கிறார் மகன்.

வேறு ஊர்க்காரர்கள் இவ்வரிகளைப் படித்து, ஆஹா, என்ன எளிய வாழ்க்கை என்று வியந்து அப்பாற் போய்விடுவார்கள். தென்னை முக்கோணம் என்று இலங்கையர் சொல்லும் பிரதேசத்தில் பிறந்தவனுக்கு அப்படிப் போக மனம் வராது. தேங்காய் உரித்ததா, உரிக்காததா என்பதே கனமூலை போன்ற எங்கள் ஊர்களில் எவனும் முதலிற் கேட்கும் கேள்வி. உரிக்காத காயாயின், ஒவ்வொன்றின் பொச்சிலிருந்தும் ஒரு கீற்று நாரை அறாமற் கிழித்தெடுத்து, இரண்டிரண்டாக முடிந்து, சோடி சோடியாகத் தோளின் முன்னும் பின்னும் தொங்கவிட வேண்டும். முடிச்சு இறுக்கமில்லையானால் நடுவழியில் ஒரு காய் உருண்டோட, அதைக் குனிந்தெடுக்கப்போய் மற்றவையும் உருளும். முற்றிய காய் ஒன்று மட்டையோடு சாதாரணமாக ஒரு கிலோவுக்குக் குறையாது. ஆகவே அறுபது வயதுக்காரர் ஒருவர் வெறும் வயிற்றோடு பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை நான்கு மைல் சுமந்து வருகிறார் என்று கொள்ளவேண்டும். கூலிக்கு ஆள் வைத்திருக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை வண்டி கட்டிப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யாததற்குச் சிக்கனம் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் அந்த எட்டு மைல் தூரமும் அந்த அதிகாலையும் அவருக்கே உரியவை, அவற்றை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை என்று ஊகிப்பதில்தான் எனக்குத் திருப்தி. மீதிப் பொழுதெல்லாம் அவர் ஊராருக்குச் சொந்தம். பள்ளிவாசலை விட்டு வெளிவரும்போது பல மதத்தவரும் கிண்ணங்களில் தண்ணீர் ஏந்திக் காத்திருப்பார்கள். அவர் விரல் நுனியை நனைத்து ஓதிக்கொடுத்தால், அதை வீட்டு நோயாளிகளுக்குக் கொண்டுபோவார்கள். இத்தனை பேருக்குத் தம்மைப் பங்கிட்டுக் கொடுக்கிற ஒருவர், காலை உணவுக்கு முன் எட்டு மைல் தனியாக நடந்துவிட்டு வந்து கொடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

நான் சொல்ல வந்த விஷயம், அவர் மகனை இழுத்துக்கொண்டு போய், "பார், வாப்பா எப்படி உழைக்கிறேன் பார்" என்று காட்டியதாக நூலில் எங்கும் இல்லை என்பது. பையன் தானாகவே பார்த்தான். பார்த்ததை எழுபது வயதை நெருங்கும் பருவத்தில் எழுதினான். தன் ஆயுள் முழுவதும் விஞ்ஞான உலகில் வாப்பாவைப் போல இருக்கவே முயன்றதாகவும் ஒப்புக்கொண்டான். அவன் பின்னாளில் ராக்கெட் ஏவப் போய்ச் சேர்ந்த கேரளத்துத் தும்பாவும் தென்னை நிறைந்த கடற்கரைதான் என்பது தற்செயல்.

முன்மாதிரி என்று தெரிந்தே முன்மாதிரியாக வாழ்வதில் ஓர் அபாயம் இருக்கிறது. அந்தக் கலையில் காந்தியடிகளை மிஞ்சியவர் யார்? தம் வாழ்க்கையே தம் செய்தி என்று சொல்லத் தகுந்த அம்மனிதரின் மூத்த மகன் ஹரிலால், தந்தையைப் போலவே இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆக ஆசைப்பட்டான். அதற்கென ஓர் உதவித்தொகை வந்தபோது, மகனுக்குக் கொடுப்பது நீதியல்ல என்று தந்தை அதை வேறோர் இளைஞனுக்கு அளித்தார். உலகம் மெச்சியது, மகன் பிரிந்தான், குடித்தான், 1936-இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா என்று பெயர் பூண்டு, சில மாதங்களில் அதையும் விட்டான், 1948-இல் தந்தை சுடப்பட்ட சில மாதங்களில் தானும் இறந்தான். யார் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் காதியார் அல்லேன். கோடிக்கணக்கானோர் அண்ணாந்து பார்க்கும் தீபஸ்தம்பத்தின் அடியிலேயே குடியிருக்க நேர்ந்த பிள்ளையின் நிலையை எண்ணும்போது, யாருக்கும் காட்டாமல் தேங்காய் சுமந்தவரின் மகன் பாக்கியசாலி என்று தோன்றுகிறது.

எங்கள் கரையிலும் அப்படி ஒருவர் இருந்தார். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்ப் பக்கத்துச் சனங்கள் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். அப்போது ஓலைக் கொட்டில் ஒன்றில் குடியேறிய ஒரு வியாபாரியை எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடையும் சரக்கும் உறுதிப்பத்திரமும் போயின. எஞ்சியவை இரண்டு வெள்ளைச் சட்டைகள். ஒன்றை இரவில் தோய்த்து மற்றதைக் காலையில் உடுத்தி, தாடியைச் சீவி, கொட்டில் வாசலைத் தாமே பெருக்கி, சரியாகக் கடை திறக்கும் நேரத்துக்குப் படியிறங்கி வீதிக்கு வருவார். திறப்பதற்குக் கடை இல்லை; சந்திவரை போய்த் திரும்புவார். சிலர் சிரித்தார்கள். "இந்த மனிசனுக்கு மூளை பிசகிட்டு" என்றும் சொன்னார்கள். பிள்ளைகளுக்காக அவர் இப்படிச் செய்தார் என்று நான் நம்பவில்லை. தாம் இன்னும் தாமாகவே இருப்பதைத் தினந்தோறும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அவருடைய புதல்வர்கள் இன்று கடை வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை அணிகிறார்கள். பெருக்குவதற்கு ஆள் இருந்தும் வாசலைத் தாங்களே பெருக்குகிறார்கள்.

இதுவரை வாப்பாமாரைப் பற்றியே பேசிவிட்டேன். காரணம் எளிது: எட்டு மைல் தனியாக நடக்கும் உரிமை அவர்களுக்குத்தான் இருந்தது. கலாமின் தாய் ஆஷியம்மா, விடியுமுன் கணக்குப் படிக்கப் போகவேண்டிய மகனை எழுப்புவதற்காக அவனுக்கும் முன்னரே எழுந்தவர். யுத்தகாலத்துப் பங்கீட்டு நாளொன்றில், சிறுவன் கலாம் சப்பாத்திகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுகொண்டே போக, தாயும் வைத்துக்கொண்டே போனார். பின்னர் அண்ணன் அவனைத் தனியே அழைத்து, உம்மாவின் பங்கையும் சேர்த்தல்லவா தின்றுவிட்டாய் என்று கடிந்துகொண்டார். பையன் நடுங்கிப்போய் ஓடிச் சென்று தாயைக் கட்டிக்கொண்டான். கலாம் இதைச் சொல்லக் கேட்டவர்களின் கண்கள் கலங்கியிருக்கும். எனக்கும் கலங்கும். ஆனால் கண்ணைத் துடைத்தபின் ஒரு பிடிவாதமான கேள்வி எழும்: அன்று ஆஷியம்மா என்ன சாப்பிட்டார்? பஞ்சகாலத்தில் தாய் பட்டினி கிடந்ததை நான் குறைசொல்லவில்லை. பஞ்சம் தீர்ந்த பின்னும், பானை நிறையச் சோறு இருக்கும் வீட்டிலும், எல்லாரும் கைகழுவிய பிறகு அடிச்சோற்றைச் சட்டியின் மிச்சக் குழம்பில் பிசைந்து அடுப்படியில் நின்றபடியே உண்ணும் எங்கள் உம்மாமாரை எண்ணியே சொல்கிறேன். அதையும் இரண்டு சோடிக் கண்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. மகன், இப்படி ஒருத்தி தனக்கும் வாய்ப்பாள் என்று அறிந்துகொள்கிறான். மகள், தானே அவள் என்று அறிந்துகொள்கிறாள்.

இந்தத் தாய்மாரில் எத்தனையோ பேர் சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போய், பிறர் பிள்ளைகளை வளர்த்துத் தம் பிள்ளைகளுக்குக் கல்வீடு கட்டினார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வேலைக்காக வெளிநாடு செல்லலாகாது என்று 2013-இல் ஒரு விதி வந்து, 2022-இல் தளர்ந்தது. தந்தையருக்கு அப்படியொரு விதி எழுத வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை.

அண்மைக்காலமாக எங்கள் பகுதியில் சுபஹுக்குப் பின் பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்து நடக்கிறார்கள். எல்லாம் சீனி வருத்தத்தின் தயவு. டொக்டர் துண்டில் எழுதிக் கொடுத்தால்தான் ஓர் உம்மாவுக்கு அரைமணி நேரம் சொந்தமாகக் கிடைக்கும் என்ற நிலையை எண்ணி வருந்துவதா, அந்த வருத்தத்துக்காவது நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. பெண்கள் வீதியில் நடக்கலாமா என்று தேநீர்க் கடையில் கொஞ்ச நாள் வாதம் நடந்தது. வாதித்தவர்களில் பலர் தம் மனைவியரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கண்டதும் ஓய்ந்தார்கள். இப்போது சில தாய்மாரின் பின்னால், வருத்தம் ஏதும் இல்லாத பெண்பிள்ளைகளும் செருப்பைச் சரசரவென்று இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். போன கிழமை ஒரு மச்சி நடந்து திரும்பியபோது, அவர் கணவர் முப்பது வருடத்தில் முதற்றடவையாகத் தாமே பிளேன்டி ஊற்ற எண்ணி அடுப்படியில் டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தாராம். "சீனி எங்க வெச்சிருக்கிறீங்க?" என்று கேட்டாராம். "அது வேணாமெண்டுதானே நான் நடக்கப் போறன், இஞ்சித் துண்டு ஒண்டு தட்டிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, மச்சி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாராம்.