பூப் போட்டுப் பார்த்துச் சொல்றேன்

டாரட் சீட்டுக்கட்டில் ‘நாணயம் இரண்டு’ என்று ஒரு சீட்டு உண்டு. உயரத் தொப்பி வைத்த இளைஞன் ஒருவன் கைக்கொரு நாணயத்தை வைத்துக்கொண்டு ஆடுகிறான். பார்க்கிறவர்கள் அவன் கைகளைத்தான் பார்ப்பார்கள். என் கண் அவனுக்குப் பின்னால் போய்விட்டது. அங்கே பெரிய அலைகள்; அவற்றின்மேல் ஏறி இறங்கும் இரண்டு கப்பல்கள்.

அந்தமானின் ஃபீனிக்ஸ் பேயில் இருப்பவளுக்கு அந்தக் கப்பல்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகிற கப்பல்கள் இங்கிருந்து கிளம்புகின்றன. மழைக்காலத்தில் கடல் கெட்டால் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் கையில் இருந்தாலும், அக்கரையில் கல்யாணமே காத்திருந்தாலும், இன்றைக்கு இல்லையென்றால் இல்லை. கவுன்ட்டரில் முணுமுணுப்பு எழும்; ஆனால் கப்பல் வாக்கு மாறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மனிதருக்கு அந்தச் சலுகை கிடையாது. தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்க்க, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர, மெயின்லேண்டுக்குப் போகும்போது யாருடைய பார்சலையோ சுமந்துபோக, எல்லாவற்றுக்கும் “சரி” சொல்லியிருக்கிறேன். ஒவ்வொன்றும் செய்யத் தகுந்த வேலைதான். மொத்தமாகச் சேரும்போதுதான் தூக்கம் போகிறது.

சீட்டுக்கட்டை அக்கா மகள் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போனாள். “குறி கேக்காதீங்க சித்தி. படத்தைப் பாருங்க, தோணுறதை எழுதி வைங்க” என்றாள். அவளிடம் ஆரக்கிள் சீட்டுகளும் இருந்தன. அவற்றுக்கு இத்தனை சீட்டு, இன்ன வரிசை என்ற கணக்கே இல்லை; வரைகிறவர் விருப்பம். டாரட்டுக்கு 78 என்பது கணக்கு. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் அது வெறும் விளையாட்டுச் சீட்டு. குறி பார்ப்பதெல்லாம் பிற்பாடு வந்தது.

என்னிடம் இருப்பது 1909இல் லண்டனில் வெளிவந்த கட்டின் மறுபதிப்பு. பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் 78 படங்களையும் சில மாதங்களுக்குள் வரைந்து முடித்தார். கூலி சொற்பம். வெகுகாலம் பதிப்பாளர், வரையச் சொன்னவர் பெயர்களால்தான் கட்டு அறியப்பட்டது. பமீலா வரைந்த ‘கோல் பத்து’ சீட்டில் ஒருவன் பத்துக் கம்புகளை அணைத்துச் சுமந்துகொண்டு ஊரை நோக்கிக் குனிந்து நடக்கிறான். முகம் கம்புகளுக்குள் புதைந்திருக்கிறது, வழி தெரிய நியாயமில்லை. அதைவிட என்னை நிறுத்தியது வேறொன்று. சுமையை ஏற்றிவிட்டவர் யாரும் படத்தில் இல்லை.

அப்பத்தா நினைவு அங்கேதான் வந்தது. ராமநாதபுரம் பக்கம் எங்கள் ஊரில் யார் எதைக் கேட்டு வந்தாலும் அப்பத்தா உடனே தலையாட்ட மாட்டார். “பூப் போட்டுப் பார்த்துச் சொல்றேன்” என்பார். சாயங்காலம் விளக்கேற்றியபின் வாழையிலையைக் கிழித்து இரண்டு துண்டாக்குவார். ஒன்றில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி. உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் படத்துக்கு முன் போட்டு, என்னைக் கூப்பிடுவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பென்றால் வேண்டாம்.

ஒருமுறை உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வந்திருந்தார்கள். நாலு நாள் அடுப்படி வேலை. நான் எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் நந்தியாவட்டை. சிரிப்பார் என்று நிமிர்ந்தேன். அப்பத்தாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. கொஞ்ச நேரம் பூவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் தானே நடந்துபோய், “அம்மன் சரின்னுட்டா, எனக்குத்தான் இடுப்பு கேக்கலை தாயி” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் வேறு ஆள் பார்த்தார்கள். கல்யாணமும் நன்றாகவே நடந்தது. அன்றைக்கு அந்தப் பூ அவருக்கு உத்தரவு தரவில்லை. ஓர் இரவு அவகாசம் தந்தது, தன் முகத்தையே அவருக்குக் காட்டியது. அக்கா மகள் சொன்ன முறையும் இதேதான் என்று நினைக்கிறேன்.

ஊரைப் பார்த்துக்கொள்ளும் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க உத்திரமேரூரிலும் சீட்டுதான் எடுத்தார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் விவரம் முழுக்க இருக்கிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எதுவானாலும் பொறுப்பு ஒரு வருடம். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்திலேயே போடக் கூடாது. ஒரே ஆள் அதிகாரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்த விதி என்பார்கள். சரிதான். ஆனால் ஏரிக்கரையைக் காத்துக் களைத்தவருக்குக் கிடைத்த ஓய்வாகவும் எனக்கு அது படுகிறது.

இந்த வருட மலர் வேலைக்குச் செயலாளர் தம்பி கேட்டபோது, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் உத்திரமேரூர்க் கதையையும் சேர்த்தே சொன்னேன்: மலர்க் குழுவில் இருந்தவருக்கு அடுத்த மூன்று வருடம் விடுப்பு, என்னிலிருந்தே தொடங்கலாம்.

“அப்ப யாருக்கா பார்ப்பாங்க?”

“சீட்டுப் போடுங்க தம்பி. இந்த ஊர்ல தமிழ் படிச்சவங்க எத்தனை பேர் இருக்காங்க!”