தேம்ஸ் நதிக்கரையில் பனி நடனம்

லண்டன் மாநகரத்தில் பனிக்கட்டிக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நமது நேயர்கள் நம்பமாட்டார்கள். நாமும் நம்பாதவர்களில் ஒருவராகத்தான் இருந்தோம். சென்ற டிசம்பர் மாதத்தில் அந்நகருக்குப் பிரயாணமானபோது, தேம்ஸ் நதி கண்ணாடித் தகடு போல் உறைந்து கிடக்கும், அதன்மீது ஜனங்கள் சறுக்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்றெல்லாம் மனக்கோட்டை கட்டியிருந்தோம். போய்ப் பார்த்தால், நதி நமது ஊர் ஆற்று வெள்ளத்தின் செம்மண் நிறத்தில் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தது. வானத்திலிருந்து விழுந்ததெல்லாம் வெறும் தூறல்தான்!

ஒரு காலத்தில் தேம்ஸ் உண்மையாகவே உறைந்ததுண்டு. அப்போதெல்லாம் நதியின் மேலேயே கடைகள் போட்டுச் சந்தை நடத்தினார்கள். அத்தகைய கடைசிப் பனிச் சந்தை 1814-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் நடந்தது. பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தின் அருகே ஒரு யானையைப் பனிக்கட்டியின்மேல் நடத்தி அக்கரை சேர்த்தார்களாம். யானைக்கு என்ன தோன்றியிருக்கும் என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை. பிற்பாடு, நெருக்கமான கமான்களால் நீரோட்டத்தைத் தடுத்து நின்ற பழைய லண்டன் பாலத்தை இடித்து அகற்றினார்கள், கரைகளைக் கட்டி ஆற்றைக் குறுக்கினார்கள், சீதோஷ்ணமும் மாறியது. அந்நகரில் நதி உறைவது நின்றுபோயிற்று.

ஆனால் நாம் அவ்வளவு தூரம் போனது பனியைப் பார்ப்பதற்காக அல்ல. நாலு வயதுப் பேத்தியைப் பார்ப்பதற்காக. தினந்தோறும் டெலிபோன் திரையில் "தாத்தா! பாட்டி!" என்று கூவி முத்தம் கொடுத்த குழந்தைதான். நேரில் போய் நின்றதும், யாரோ அந்நியரைக் கண்டது போலத் தாயாரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பாட்டி முறுக்குச் சுற்றிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு ஓடிப்போயிற்று. நாம் யானையாகக் குனிந்து முதுகைக் காட்டினோம், ஏற மறுத்துவிட்டது. இப்படியே மூன்று வாரங்கள் கழிந்தன. ஊர் திரும்ப ஒரு வாரமே பாக்கி. பாட்டி வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரவில் பெட்டி அடுக்கும்போது அவளுடைய பெருமூச்சு நமக்குக் கேட்டது.

நமது மகள் புத்திசாலி. பனிக்கட்டியின்மேல் நடக்கும் குழந்தைகள் நாடகத்திற்கு மூன்று டிக்கெட்டுகள் வாங்கி நமது கையில் கொடுத்து, "எங்களுக்கு ஆபீஸ் இருக்கிறது, அப்பா. நீங்களே அவளை அழைத்துக்கொண்டு போங்கள்" என்றாள். டிக்கெட்டில் போட்டிருந்த பவுன் கணக்கை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கக் கூடாதென்று மனத்திற்குக் கட்டளையிட்டோம். மனம் கேட்கவில்லை, பெருக்கிவிட்டது.

நாடகம் நடந்த இடம் கிரீனிச் தீபகற்பத்தில் தேம்ஸ் நதி வளைந்து செல்லும் ஓரத்தில் இருக்கிறது. ஜூபிலி சுரங்க ரயிலில் ஏறி நார்த் கிரீனிச் நிலையத்தில் இறங்கினால் எதிரே ஒரு மகத்தான வெள்ளைக் கூடாரம் தென்படும். 2000-ஆவது ஆண்டை வரவேற்பதற்காக எழுப்பியது அது. குறுக்களவு 365 மீட்டர், நடுவில் உயரம் 52 மீட்டர். வருஷத்தின் நாட்களையும் வாரங்களையும் குறிக்கும் அளவுகள் அவை. கூடாரத்தைத் தாங்கும் மஞ்சள் கம்பங்கள் 12. அவை மாதங்களைப் போல. 2007-ஆம் வருஷம் அதற்குள்ளே சுமார் 20,000 பேர் அமரக்கூடிய அரங்கம் ஒன்றைத் திறந்தார்கள். இப்போது அதற்கு ஓ-டூ என்று பெயர். குழந்தை கம்பங்களை இங்கிலீஷில் எண்ணியது. நாம் தமிழில் எண்ணினோம். இருவருக்கும் பன்னிரண்டுதான் வந்தது. அந்த மட்டில் ஓர் ஒற்றுமை ஏற்பட்டதென்று சந்தோஷப்பட்டோம்.

உள்ளே நுழைந்து ஆசனத்தில் அமர்ந்தோம். கீழே வெள்ளை வெளேரென்று ஒரு பனித் தளம். வெளியே ஆறு உறையவில்லை. கூடாரத்திற்குள்ளே தரை உறைந்திருக்கிறது! இது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். தரையின்மேல் குழாய்களை வரிசை வரிசையாகப் பரப்பி, எளிதில் உறையாத குளிர்ந்த திரவத்தை அவற்றில் இடைவிடாமல் ஓடவிடுகிறார்கள். அதன்மேல் தண்ணீரை மெல்லியதாகத் தெளித்து, அது உறைந்ததும் மறுபடி தெளிக்கிறார்கள். இப்படிப் படலம் படலமாக வளர்வதுதான் அந்தத் தளம். ஆட்டம் முடிந்ததும் கரைத்துவிட்டுக் குழாய்களைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். நமது ஊரில் கூத்துக்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதில்லையா? இவர்கள் தரையையே தூக்கிக்கொண்டு போகிறார்கள்!

இந்த வித்தையும் லண்டனில் பிறந்ததுதான். 1840-களில் பன்றிக் கொழுப்பையும் உப்புகளையும் கலந்து பொய்ப் பனித் தளம் ஒன்று செய்தார்கள். அதன் நாற்றத்தைத் தாங்காமல் ஜனங்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு 1876-ஆம் வருஷம் ஜான் கேம்ஜீ என்ற மிருக வைத்தியர், செல்ஸீ பகுதியில் செப்புக் குழாய்களைப் பதித்து, இயந்திரத்தால் உறையவைத்த உண்மையான பனித் தளத்தைத் திறந்தார். அவர் ஆராய்ச்சியைத் தொடங்கியது சறுக்கு விளையாட்டுக்காக அல்ல. தூர தேசங்களிலிருந்து கப்பலில் வரும் மாமிசம் கெடாமல் இருப்பதற்கு வழி தேடித்தான்!

இப்படியெல்லாம் நாம் எண்ணமிட்டுக்கொண்டிருக்கையில், சட்டென்று விளக்குகள் அணைந்தன. இடி முழக்கம் போல் வாத்தியங்கள் கிளம்பின. ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஆனந்தமாகக் கூச்சலிட்டார்கள். நமது பேத்தியும் கூச்சலிட்டது; ஆனால் ஆனந்தத்தினால் அல்ல.

"வேண்டாம்! இருட்டு! அம்மா வேணும்!"

நாம் சமாதானம் சொல்லப் போனோம், கையைத் தட்டிவிட்டது. அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் குழந்தையை வாரி எடுத்துப் புடவைத் தலைப்பால் காதுகளை மூடினாள். அம்மா அங்கே இல்லை; இருந்தது பாட்டிதான். குழந்தை அவள் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டது. மூன்று வாரமாகக் கிட்டாத அணைப்பு! "நீங்கள் இருந்து பாருங்கள், கொடுத்த காசு வீணாகக் கூடாது" என்று சொல்லிவிட்டு, பாட்டி வெளியே நடந்தாள்.

ஆக, குழந்தைகளுக்கென்று ஏற்பட்ட நாடகத்தை, இரண்டு காலி ஆசனங்களுக்கு அருகில், வழுக்கைத் தலைக்கிழவர் ஒருவர் தன்னந்தனியாக உட்கார்ந்து பார்த்தார். அந்தக் காட்சியைக் கண்டு நேயர்கள் சிரிக்கலாம். நாமும் முதலில் வெட்கப்பட்டோம். ஆனால் சிறிது நேரத்தில் வெட்கம் பறந்துபோயிற்று. காலில் கத்தி கட்டிய மனிதர்கள் காற்றில் மிதக்கிறார்கள். ஒற்றைக் காலில் பம்பரமாகச் சுழல்கிறார்கள். சுழலும்போது விரித்த கைகளை மார்போடு அணைத்துக்கொண்டால் வேகம் இன்னும் அதிகமாகிறது. ஓர் ஆடவர் ஒரு பெண்மணியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு தளம் முழுதும் வலம் வருகிறார். அந்தக் கத்தியின் முனையில் உள்ள சிறு பற்களைப் பனியில் ஊன்றியும் அவர்கள் தாவிக் குதிக்கிறார்கள். மிக்கி எலியும், ஃப்ரோஸன் படத்தின் பனி ராணியும் வந்தபோது அரங்கமே எழுந்து ஆடியது.

இத்தகைய நாடகங்களுக்கு ஆதி நாயகி என்று நார்வே தேசத்து சோன்யா ஹெனியைச் சொல்லலாம். 1924-ஆம் வருஷம் பதினொரு வயதில் ஒலிம்பிக் போட்டிக்குப் போனாள். எட்டுப் பேரில் எட்டாவதாக வந்தாள். பிறகு 1928, 1932, 1936 ஆகிய மூன்று முறையும் தங்கப் பதக்கம் வென்று, அமெரிக்கா சென்று, பனி நாடகங்களையும் சினிமாக்களையும் நடத்திப் பெரும் புகழ் பெற்றாள். ஃபெல்ட் குடும்பத்தாரின் கம்பெனி 1981-ஆம் வருஷம் டிஸ்னி கதைகளைப் பனியில் ஏற்றியது. அன்றுமுதல் அது தேசம் தேசமாகச் சுற்றி வருகிறது.

இடைவேளை வந்தது. விளக்குகள் எரிந்தன. பாட்டியின் இடுப்பில் அமர்ந்தபடி பேத்தி திரும்பி வந்தது. கண்கள் சிவந்திருந்தன. "பாதியில் வீட்டுக்குப் போய்விடலாமா?" என்று பாட்டி ஜாடையாகக் கேட்டாள். அந்தச் சமயத்தில்தான் தளத்தின் ஒரு கோடியிலிருந்து பெரிய வண்டி ஒன்று மெதுவாக உருண்டு வந்தது.

குழந்தை தலையை நிமிர்த்திற்று. "அது என்ன, தாத்தா?"

தாத்தா! நேருக்கு நேர் நம்மை நோக்கி வந்த முதல் கேள்வி அது. மந்திரி சபையில் கேள்வி எழுந்தால்கூட இவ்வளவு சிரத்தையாகப் பதில் சொல்லியிருக்க மாட்டோம்.

"அது பனி வண்டி, கண்ணே! எல்லாரும் ஆடி ஆடித் தரை முழுதும் கீறல் விழுந்துவிட்டது அல்லவா? வண்டிக்கு அடியில் ஒரு பெரிய கத்தி இருக்கிறது. அது மேல்படலத்தைச் சீவி எடுக்கும். பின்னால் ஒரு துணி தொங்குகிறது, பார்! அது வெந்நீரைத் தடவிக்கொண்டே வரும்."

"வெந்நீரா? பனி உருகிடாதா?"

நாலு வயதுக்கு நல்ல கேள்விதான்! மேலே கொஞ்சம் உருகி, பழைய பனியோடு நன்றாக ஒட்டிக்கொண்டு, மறுபடி வழவழவென்று உறைந்துவிடும் என்று விளக்கினோம். அந்த வண்டியை 1949-ஆம் வருஷம் கலிபோர்னியாவில் ஃபிராங்க் ஸாம்போனி என்பவர் செய்தார். முன்னே அவர் பனிக்கட்டி வியாபாரம் செய்தவர். வீடுதோறும் குளிர்ப்பெட்டி வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பனிச் சறுக்குத் தளம் ஒன்றைக் கட்டினார். அதைச் சீர்படுத்த ஆட்களுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் பிடித்ததால் இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். சோன்யா ஹெனியே அதை விலைக்கு வாங்கியவர்களில் ஒருத்தி.

குழந்தை நமது மடிக்கு இடம் மாறியது. வண்டி வட்டமிட்ட ஒவ்வொரு முறையும், "இன்னும் அங்கே விட்டுப்போச்சு!" என்று விரலால் காட்டியது. வண்டி போனபோது கை அசைத்து விடை கொடுத்தது. மிக்கி எலிக்குக் கிடைக்காத மரியாதை!

மறுபடி விளக்கு அணைந்தது. நமது விரல் ஒன்றை ஒரு சின்னக் கை இறுகப் பற்றியது. ஆனால் அழுகை வரவில்லை. இரண்டாம் பாகத்தில் ஆட்டக்காரி ஒருத்தி தாவி இறங்குகையில் நிலை தவறி விழுந்தாள். கணப்பொழுதில் எழுந்து, புன்னகையோடு ஆட்டத்தில் கலந்துகொண்டாள். பேத்தி நமது காதில், "அவ அழவே இல்லை, தாத்தா. நான்தான் அழுதேன்" என்று ரகசியமாகச் சொன்னது. "அவள் எத்தனையோ தடவை விழுந்து பழகியவள், அம்மா. நீ இன்றுதானே முதல் தடவை வந்திருக்கிறாய்?" என்றோம். அதற்குத் திருப்தியுடன் தலையசைத்தது.

வீடு திரும்பும் ரயிலில், "உங்க ஊர்ல ஐஸ் இருக்கா?" என்று கேட்டது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் இருக்கிறதே! அந்தக் கதையைச் சொன்னோம். அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஏரிகளில் குளிர்காலத்தில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பாய்க்கப்பலில் ஏற்றி, ஃபிரெடரிக் டூடர் என்ற வியாபாரி இந்தியாவுக்கு அனுப்பினார். 1833-ஆம் வருஷம் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் சுமார் 180 டன் இருந்தது. நாலு மாதப் பிரயாணத்திற்குப் பிறகு சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக்கு வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைக்க 1842-ஆம் வருஷம் கட்டியதுதான் அந்த வட்ட மாளிகை. குழந்தை பாதிக் கதையில் பாட்டியின் தோளில் தூங்கிவிட்டதென்று நினைத்தோம்.

நாலு வயதில் நடந்தது பெரியவரான பின் நினைவில் நிற்பது அரிது என்று மனோதத்துவ நிபுணர்கள் சொல்கிறார்கள். நம்மில் யாருக்குத்தான் நாலாம் வயது முழுதாக நினைவிருக்கிறது? அந்த வெள்ளைக் கூடாரமும் ராணியும் பனித் தளத்தைப் போலவே ஒருநாள் கரைந்துபோகலாம். ஆனால் பாட்டியோ, கழுத்தில் விழுந்த அந்த அணைப்பை ஆயுள் முழுதும் மறக்கப்போவதில்லை. டிக்கெட்டின் விலையை நாம் அதற்குப் பிறகு பெருக்கிப் பார்க்கவே இல்லை.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் டெலிபோன் திரையில் பேத்தியின் முகம் தெரிந்தது. "தாத்தா, லீவு விட்டதும் நான் வரேன். எனக்கு ஐஸ் வீட்டைக் காட்டணும்!" என்றது. அப்படியானால் அன்று ரயிலில் அது தூங்கவில்லை!

அந்த மாளிகையில் பனிக்கட்டி தீர்ந்து நூறு வருஷத்திற்கு மேலாகிறது. 1897-ஆம் வருஷம் விவேகானந்த சுவாமிகள் தங்கிய பெருமையினால் அது விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. இதைக் குழந்தையிடம் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால், முதலில் அது வந்து சேரட்டும் என்று பாட்டி கண் ஜாடை காட்டினாள். நாமும் வாயை மூடிக்கொண்டோம்.