கத்தியோ, மருந்தோ?

திருக்குறளின் 950-ஆம் குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், நோயாளியிடத்து வேண்டுவன நான்கு என்பர்: கையிற் பொருளிருத்தல், மருத்துவன் சொற்படி ஒழுகுதல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல். வகுப்பிற் கேட்டபொழுது இவற்றை மனப்பாடஞ் செய்து தேர்வில் எழுதினோம், அவ்வளவே.

எம் இல்லத்து இராணி 9 வயது நிரம்பிய சிப்பிப்பாறைப் பெட்டை நாய். சென்ற கார்த்திகையில், பருவங் கழிந்து 5 கிழமை சென்றபின், கேப்பைக் கஞ்சியை முகர்ந்துவிட்டு அப்பாற் செல்லலானாள். தண்ணீரை மட்டும் சட்டி சட்டியாகக் குடித்தாள். அடைமழையில் இதற்கு ஏன் இத்துணைத் தாகம் என்று முதலில் ஐயுற்றவர் எம் பாட்டியாரே.

மருத்துவ அம்மையார் ஸ்கேன் எடுத்து, கருப்பையிற் சீழ் கட்டியிருப்பதைக் காட்டினார். பயோமெட்ரா என்பது அந்நோயின் பெயர். பருவத்திற்குப்பின் மிகும் புரொஜெஸ்டிரோன் என்னுஞ் சுரப்பு கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்ய, அங்கே கிருமிகள் குடிபுகுகின்றன. அவற்றின் நஞ்சு சிறுநீரகத்தின் தொழிலைக் கெடுப்பதாலேயே அத் தாகம்.

வழிகள் இரண்டென்றார். ஒன்று, கருப்பையையும் சூலகங்களையும் அறுத்து நீக்குவது. மற்றொன்று, ஆண்டிபயாடிக்கோடு கருப்பைவாயைத் திறந்து சீழை வெளியேற்றும் ஊசிமருந்து. இது பல நாள் செல்வது, இனியும் குட்டி ஈனவேண்டிய இளநாய்களுக்கே பெரிதும் செய்யப்படுவது. அடுத்த பருவத்தில் நோய் மீளவுங் கூடும். ஆயின் இராணியின் இரத்தச் சோதனை சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டிற்று. மயக்கமருந்தில் இடருண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

எம் தந்தையார் கத்தியின் பக்கம் நின்றார். பாட்டியாரோ, "கிழட்டு உடம்பய்யா, மயக்கத்தைத் தாங்குமா? ஊசியே போதும்" என்றார்.

மருத்துவமனைத் திண்ணையில் இராணியின் தலை எம் மடியிற் கிடந்தது. பரிமேலழகரின் நான்கனுள் இவளிடத்து உள்ளது கடைசி ஒன்றே என்பது அப்பொழுது தோன்றிற்று. பொருள் எம்முடையது, சொற்படி ஒழுக வேண்டியவரும் யாமே, நோயை எடுத்துரைத்ததோ வெறுந் தண்ணீர்ச் சட்டி. பொறுத்தல் மாத்திரம் அவள் பங்கு. அங்ஙனமாயின், எவ்வழி அவளைக் குறைந்த நாள் பொறுக்கச் செய்யும்? ஊசியால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும் என்று அம்மையாரே கூறியிருந்தார். அது தீர்ந்தபின் அடுத்த பருவத்தை எண்ணி நாட்கழிக்க வேண்டும். பாட்டியாரின் அச்சம் பொய்யன்று. எமக்கும் அது இருந்தது. ஆனால் அது மேசைமேற் கிடக்கும் சிறுபொழுதைப் பற்றிய அச்சம்.

இதனை உரைத்தபின் பாட்டியார் நெடுநேரம் பேசவில்லை. தந்தையார் ஒப்புதற் கடிதத்திற் கையெழுத்திட்டார். அன்றிரவு முழுதும் நரம்பின்வழிச் சலைனும் ஆண்டிபயாடிக்கும் ஏற்றினர். விடிந்தபின்னரே கத்தி எடுத்தனர். தட்டில் வைத்துக் காட்டிய கருப்பை எம் முன்கைப் பருமன் இருந்தது.

மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள். 12-ஆம் நாள் தையல் பிரித்தார்கள். முதல் இரவில் ஏற்றிய மருந்தே இராணியைக் காத்தது என்பது பாட்டியாரின் கட்சி. தந்தையார் அதனை மறுப்பதில்லை.